பிரித்துப் போட்ட மசில் காரை விற்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் கார் கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். அதில் சிலருக்கு ஆகஸ்ட் மாதம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸைப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். ஒரு பழைய கமாரோவையோ செவெல்லையோ வாங்கி, கராஜில் நட்டு நட்டாகக் கழற்றுவார்கள், அப்புறம் குழந்தை, வீடு மாற்றம், வேலை மாற்றம் என்று ஏதோ ஒன்றில் வேலை நின்றுபோகும். மிச்சம் ஒரு வெற்று பாடியும் சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகளும்தான். அதை விற்கிற கட்டம் வந்தால் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள், அதனால் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன். என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி 1969 செவ்ரோலே கமாரோ பற்றியவை என்பதால் உதாரணம் எல்லாம் அந்தக் காரிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

மசில் கார்னா எது? பழைய அமெரிக்க கார் எல்லாமே மசில் கார்தானா?

இல்லை. நடுத்தர அளவு பாடியில், பெரிய காருக்குச் செய்த வி8 எஞ்சினைத் தூக்கி வைத்து, சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்களே, அதுதான் மசில் கார். 1964ல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இன்சூரன்ஸ் கட்டணம் ஏறி, புகைக் கட்டுப்பாடு வந்து, 1971 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனையும் குறைத்து, 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தபோது கதை முடிந்தது. கமாரோவும் மஸ்டாங்கும் கறாராகப் பார்த்தால் 'போனி கார்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் வகை, ஆனால் சந்தையில் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விற்பவர் பார்க்க வேண்டிய வித்தியாசம் வேறு: பிறந்தபோது அது ஆறு சிலிண்டரா, சாதா வி8ஆ, உயர்ந்த எஞ்சின் பேக்கேஜா.

முழுசா பிரிச்சுப் போட்ட காரை எவன் அண்ணா காசு குடுத்து வாங்குவான்?

வாங்குவார்கள். ஒருவர், அதே மாடல் வைத்திருந்து பாடி துருப்பிடித்துப் போனவர். இன்னொருவர் வெல்டிங் தெரிந்த பொழுதுபோக்கு ஆள், ஏற்கெனவே பிரித்துக் கிடப்பது அவருக்கு ஒரு வேலை மிச்சம். மூன்றாவது, வாங்கிச் சரிசெய்து விற்கும் பட்டறைக்காரர். மூன்றாமவர் கணக்குப் பார்த்து மிகக் குறைவாகத்தான் கேட்பார், ஆனால் வார்த்தை மாறமாட்டார், பணமும் டிரெய்லருமாக வந்து நிற்பார்.

இவர்களைத் தவிர ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பத்து கேள்வி கேட்டு, "சனிக்கிழமை வருகிறேன்" என்று சொல்லி வராதவர்கள். அவர்களுக்காக விளம்பரம் எழுதாதீர்கள். மேலே சொன்ன மூவருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது மூன்றே விஷயம்: காகிதம் சரியாக இருக்கிறதா, இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, சாமான் எல்லாம் இருக்கிறதா. "சின்ன வயசு கனவு" என்ற பேச்சு அவர்களிடம் எடுபடாது.

விக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, ப்ரைமர் அடிச்சு வெச்சா நல்லா தெரியும்ல?

நல்லாத் தெரியும், சந்தேகமும் வரும். புது ப்ரைமரைப் பார்த்ததும் வாங்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி "இதுக்குக் கீழே என்ன மறைச்சிருக்கீங்க?" என்பதுதான். பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. அதோடு பேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். துருவைத் துருவாகவே காட்டுங்கள். கமாரோவில் அவர் குனிந்து பார்க்கப்போகும் இடங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்: முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, தரைத் தகடு, டிக்கித் தரை, பின்சக்கர வளைவு, முன் சப்ஃப்ரேம் பாடியோடு போல்ட்டில் சேரும் இடம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாடியை மணல் அடித்துச் சுத்தமாக்கி வெற்று இரும்பாக விட்டிருந்தால், காற்று ஈரத்தில் சீக்கிரமே மேலே மெல்லிய துரு பூக்க ஆரம்பிக்கும். அதற்கு எபாக்ஸி ப்ரைமர் அடிப்பது நியாயம், ஆனால் அடிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். வாங்குபவருக்கு அந்தப் படங்கள் ப்ரைமரை விடப் பெரிய விஷயம்.

சரி, விலை எவ்வளவு சொல்றது? ஏலத்துல 69 கமாரோ எல்லாம் எங்கயோ போகுதே!

ஏலத்தில் போகிறது ஓடும் கார், முடித்த கார். ஹாகர்ட்டி என்ற பழைய கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் 1 முதல் 4 வரை நிலை உண்டு, 4 என்பதே ஏதோ ஓட்ட முடிகிற சுமாரான கார். உங்கள் கராஜில் கிடப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

விலையைப் பின்னாலிருந்து போட வேண்டும். வாங்குபவர் அப்படித்தான் போடுகிறார். எண்கள் சும்மா விளக்கத்துக்கு: முடித்தபின் அந்தக் கார் 50,000 டாலருக்குப் போகும் என்று வையுங்கள். பாடி வேலையும் பெயின்ட்டும் 20,000, எஞ்சின் கியர்பாக்ஸ் 9,000, சீட், கண்ணாடி, குரோம், வயரிங் எல்லாம் சேர்த்து 8,000. மிச்சம் 13,000. அதற்குள் அவருடைய உழைப்பு, எதிர்பாராத செலவு, நடுவில் சந்தை இறங்கும் அபாயம் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் 7,000, 8,000 என்று கேட்பார், நீங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. இந்தக் கணக்கை மேலே தூக்குகிறவை இரண்டு: பிறப்பிலேயே உயர்ந்த பேக்கேஜ் என்பதற்கு ஆதாரம், அப்புறம் குறையாத சாமான்கள். கேட்கும் விலைக்கு ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். இதே போல் பிரித்துப் போட்ட கார்கள் ஏலத்தில் உண்மையில் முடிந்த விலையைத் தேடுங்கள். ஈபே மோட்டார்ஸில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம், ப்ரிங் எ ட்ரெய்லர் என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் பழைய முடிவுகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. விளம்பரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் விலையை நம்ப வேண்டாம், அது விற்காததால்தான் இன்னும் அங்கே இருக்கிறது.

நான் ஏற்கெனவே நிறைய செலவு பண்ணிட்டேனே, ரசீது எல்லாம் இருக்கு. அதைச் சேர்க்க முடியாதா?

சேர்க்க முடியாது. ஆனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சின் பட்டறையில் பிளாக்கின் சிலிண்டர் துளைகளைக் கடைந்து பெரிதாக்கிய ரசீது, எந்த அளவுக்குச் செய்தார்கள் என்ற குறிப்போடு இருந்தால், அந்த எஞ்சினைப் பற்றி நீங்கள் சொல்வதற்குச் சாட்சி. பெட்டி பிரிக்காத புது உதிரிபாகங்களுக்கும் வாங்கிய விலையில் ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் வார இறுதிகளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

வின் நம்பர் எங்க இருக்கு? எதையெல்லாம் படம் எடுக்கணும்?

வின் என்பது காரின் அடையாள எண், நம்மூர் சேஸி நம்பர் மாதிரி. 1968லிருந்து கமாரோவில் வின் தகடு டாஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கம், முன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். 1967 காரில் ஓட்டுநர் கதவு கீல் தூணில். 1969க்கு 13 இலக்கம். 1 என்றால் செவ்ரோலே. அடுத்த இரண்டு இலக்கம் 23 என்றால் ஆறு சிலிண்டர், 24 என்றால் வி8. அதற்கடுத்து 37 கூபே, 67 கன்வர்டிபிள். அப்புறம் வருடத்துக்கு 9. பிறகு ஒரு எழுத்து, 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். கடைசி ஆறும் வரிசை எண்.

இது தவிர ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உட்காருமிடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில், ரிவெட் அடித்த சிறிய தகடு ஒன்று உண்டு, ட்ரிம் டேக் என்பார்கள், அதில் பெயின்ட், உள்அலங்காரம், செய்த வாரம் எல்லாம் குறியீடாக இருக்கும். வின் எண்ணின் ஒரு பகுதியைக் கவுல் தகட்டுக்கு அடியிலும் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் மறைவாக அடித்திருப்பார்கள். கார் முழுசாகப் பிரிந்து கிடப்பதால் இந்த மறைவு எண்கள் உங்களுக்கு எளிதாகத் தெரியும், இந்த ஒரு விஷயத்தில் ஓடும் காரை விற்பவரைவிட உங்களுக்கு வசதி அதிகம். டாஷ் எண்ணும் மறைவு எண்ணும் ஒன்றே என்று காட்டும் தெளிவான படம் இருந்தால் பாதிப் பேச்சு முடிந்தது.

என் கார் நிஜ இசட்/28னு வித்தவர் சொன்னார். அப்படியே விளம்பரத்துல போடலாமா?

விற்றவர் சொன்னார் என்பது ஆதாரம் இல்லை. இசட்/28 என்பது 302 கன அங்குல எஞ்சின் வைத்த உயர்ந்த கமாரோ பேக்கேஜ், எஸ்எஸ் இன்னொரு பேக்கேஜ். 1969ல் இசட்/28 மொத்தம் 20,302தான் செய்தார்கள், அந்த வருட கமாரோ மொத்தமோ இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். சாதா காரில் பட்டை வரைந்து பெயர்ப்பலகை ஒட்டியவை ஏராளம். வின் எண்ணைப் பார்த்து இசட்/28 என்றோ எஸ்எஸ் என்றோ சொல்ல முடியாது, அது சொல்லும் அதிகபட்ச விஷயம் வி8 என்பது மட்டும். நார்வுட் ஆலைக் காராக இருந்து, 1968 டிசம்பர் வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்திருந்தால், ட்ரிம் டேக்கில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருக்க வேண்டும். வான் நைஸ் கார்களில் இந்தக் குறியே கிடையாது. அதைவிடச் சிக்கல், ட்ரிம் டேக்கைப் போலியாக அடித்தும் விற்கிறார்கள்.

எதிர்மறையாகச் சோதிப்பது எளிது. கன்வர்டிபிளா, இசட்/28 இல்லை. ஆலையிலேயே ஏசி வைத்த ஃபயர்வாலா, இல்லை. வின் 23ஆ, நிச்சயமாக இல்லை. இவற்றையெல்லாம் தாண்டி வந்தால் காகிதம் தேடுங்கள்: ஜன்னல் விலைச்சீட்டு, அந்தக் கால வாரன்டி உலோகத் தகடு, சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ பெட்ரோல் டாங்க் மேலேயோ சில சமயம் சிக்கிக்கிடக்கும் பில்ட் ஷீட், அதாவது அந்தக் காரில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று ஆலையில் எழுதிய தாள். சீட்டையும் டாங்க்கையும் தூக்கிப் போடும் முன் நன்றாகத் துழாவிப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் "இசட்/28 என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, படங்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று எழுதிவிடுங்கள், பின்னால் வழக்கு வராது.

மத்த கம்பெனி காருக்கும் இதே தலைவலிதானா?

இல்லை, செவ்ரோலேதான் மோசம். ஃபோர்டில் 1967லிருந்து உள்ள கார்களுக்கு ஆலைத் தரவை வைத்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் என்று ஒரு ஆவணச் சேவை இருக்கிறது. கிரைஸ்லர் குடும்பத்தில் வின் எண்ணே பேசும்: 1970 டாட்ஜ் சேலஞ்சரில் ஐந்தாவது இடத்தில் 'ஆர்' என்றால் 426 ஹெமி எஞ்சின், 'யு' என்றால் 440, 'என்' என்றால் 383. அதே காரில் தொடக்கம் 'ஜேஎஸ்' என்றால் ஆர்/டி, 'ஜேஎச்' என்றால் சாதா. கார் எதுவோ அதற்குரிய ரிப்போர்ட்டை நீங்களே வாங்கி விளம்பரத்தில் போட்டுவிடுங்கள், சின்னச் செலவுதான்.

நம்பர்ஸ் மேட்சிங்னு எல்லாரும் கேக்கறாங்க. எஞ்சின்ல என்ன பாக்கணும்?

காரோடு பிறந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் அதிலேயே இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1968லிருந்து எஞ்சின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் வின் எண்ணின் ஒரு பகுதியை அடித்திருப்பார்கள். சின்ன பிளாக் செவ்ரோலேயில் பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு தட்டையான இடம் உண்டு, அங்கே எஞ்சின் வகைக் குறியீடு இருக்கும், 1969 இசட்/28இன் 302 எஞ்சினுக்கு 'டிஇசட்'. பகுதி வின் அதன் பக்கத்திலோ எண்ணெய் ஃபில்டருக்கு அருகிலோ இருக்கும். பிளாக் வார்த்த தேதி பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தருகே. அந்தத் தேதி கார் செய்த தேதிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும், பிந்தியிருந்தால் எஞ்சின் வேறு காருடையது, அதில் பேச்சே இல்லை.

எண்ணைப் புதிதாக அடித்து ஏமாற்றுவதும் நடக்கிறது. ஆலையில் அந்த மேற்பரப்பைச் சீவும்போது விழும் மெல்லிய இணைகோடுகளை விஷயம் தெரிந்தவர்கள் டார்ச் அடித்துத் தேடுவார்கள். அதனால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், பிரேக் கிளீனரும் துணியும் போதும். எஞ்சினே இல்லாமல் விற்கிறீர்களா? வெட்கப்பட ஒன்றுமில்லை, "எஞ்சின் இல்லை" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

டைட்டில் எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் பேர்லயே இருக்கு. அவர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கார், அப்படியே அடுத்தவருக்குக் குடுத்துடலாமா?

கூடாது. டைட்டில் நம்மூர் ஆர்சி புத்தகம் மாதிரிதான், நடுவில் ஒரு பெயரைத் தாண்டிப் போவது மாநிலங்களில் சட்டமீறல், வாங்குபவருக்குப் பதிவு செய்யும்போது மாட்டும். முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மிச்சிகனில் டிஎம்வி (பல மாநிலங்களில் வாகனப் பதிவு அலுவலகத்தின் பெயர்) என்று எதுவும் இல்லை, செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம்தான். தொலைந்த டைட்டில் உங்கள் பெயரில் இருந்ததென்றால் நகல் வாங்குவது சுலபம். சுத்தமாக இல்லையென்றால் டெக்ஸஸ் போன்ற பல மாநிலங்களில் பான்டட் டைட்டில் என்ற வழி உண்டு, ஒரு ஜாமீன் பத்திரம் எடுத்து, குறிப்பிட்ட காலம் யாரும் உரிமை கோராவிட்டால் முழு டைட்டில் ஆகும். ஜார்ஜியாவில் 1985 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டிலே தேவையில்லை, அங்கிருந்து வந்த காரென்றால் பழைய ரெஜிஸ்ட்ரேஷனும் பில் ஆஃப் சேலும் (விற்பனைச் சீட்டு) இருக்கிறதா என்று பாருங்கள்.

வெர்மான்ட் மாநிலத்தில் டைட்டில் இல்லாமலே தபாலில் பழைய காரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். வெளிமாநிலத்தாருக்கு அந்த வழி 2023லேயே இறுக்கப்பட்டுவிட்டது. டைட்டில் இல்லாத காரை உதிரிபாகக் காராக மட்டுமே வாங்குவார்கள், அதற்கேற்ற விலைதான் வரும்.

பாடி ரொம்ப துரு. புது பாடி வாங்கி இந்த வின் தகட்டை அதுல மாட்டிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். சரியா?

செய்யாதீர்கள், அப்படிச் செய்யப்போகிறேன் என்று சொல்பவருக்கு வின் தகட்டையும் டைட்டிலையும் மட்டும் தனியாக விற்கவும் செய்யாதீர்கள். டைனாகார்ன் என்ற கம்பெனி 1967 முதல் 1969 வரையான கமாரோவின் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறது என்பது உண்மை, அதனால்தான் இந்த யோசனை அடிக்கடி வருகிறது. ஆனால் வின் எண்ணை மாற்றுவதோ கழற்றுவதோ மத்திய சட்டப்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பழுது பார்க்கத் தேவையான அளவுக்குக் கழற்றுவதற்கு அதில் விலக்கு இருக்கிறது, மாநிலச் சட்டங்கள் எல்லாம் அப்படி இளகியவை அல்ல.

கான்சாஸில் 2017ல் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் வேறு மாநிலத்தில் 1959 கார்வெட் ஒன்றை வாங்கி வந்து பதிவு செய்யப் போனார். முன்பு யாரோ மராமத்தின்போது வின் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தது தெரிந்து காரைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். திருட்டுக் கார் இல்லை, அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, இருந்தும் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது, 2022ல் மாநிலச் சட்டத்தையே திருத்தினார்கள். நீங்கள் ஏற்கெனவே டாஷைக் கழற்றி வைத்திருந்தால் தகட்டை அதிலிருந்து பிரிக்காமல், ரிவெட்டோடு அப்படியே விட்டு, டாஷைக் காரோடு சேர்த்தே கொடுங்கள்.

பார்ட் பார்ட்டா வித்தா மொத்தமா விக்கிறதைவிட காசு அதிகம் வருமா?

சில சமயம் வரும். எம்22 நான்கு ஸ்பீடு கியர்பாக்ஸ், 12 போல்ட் பின் ஆக்ஸில், தேதி பொருந்தும் அசல் கார்பரேட்டர் போன்றவை தனியாகவே நல்ல விலைக்குப் போகும். ஆனால் அவை முதல் வாரத்தில் போய்விடும், மிச்சம் இருக்கும் வெற்று பாடியும் முப்பது டப்பா நட்டு போல்ட்டும் உங்களோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தும். நல்லதை எல்லாம் உருவிவிட்ட கார் என்பது விளம்பரப் படத்திலேயே தெரியும்.

என் கருத்து: டைட்டில் சுத்தமாக இருந்து பாடியும் காப்பாற்றக்கூடியதாக இருந்தால் மொத்தமாக விற்றுவிடுங்கள். டைட்டில் இல்லை அல்லது பாடி கரைந்துபோய்விட்டது என்றால் மட்டும் பிரித்து விற்கலாம். அதிலும் அபூர்வ மாடலா என்று முதலில் பாருங்கள். கமாரோவுக்குக் கதவு முதல் சின்ன ரப்பர் வரை புதிதாகக் கிடைக்கிறது, ஏஎம்சி ஜாவெலினுக்கு அப்படி இல்லை, அங்கே ஒரு நல்ல பழைய ஓரப்பட்டைக்குக்கூட ஆள் காத்திருப்பார்.

விளம்பரத்துல என்னதான் எழுதறது?

இருப்பது என்ன, இல்லாதது என்ன. இல்லாததை எழுதுவதுதான் ஆட்களைக் கூட்டி வரும், நம்புங்கள். எழுதுவதற்கு முன் ஒரு சனி ஞாயிறு ஒதுக்கி, பெட்டிகளைத் தரையில் பரப்பி, கதவுக்குரியது ஒரு பக்கம், ஸ்டீயரிங்குக்குரியது ஒரு பக்கம் என்று பிரித்து, ஜிப்லாக் பையில் போட்டு மார்க்கரில் எழுதுங்கள். எந்த போல்ட் எங்கே என்று தெரியாத குவியல் வாங்குபவருக்குப் பயம் தரும், எழுதிய பைகள் தைரியம் தரும், இரும்பு அதேதான்.

படங்களைப் பொறுத்தவரை அழகான முன்பக்கப் படம் ஒன்று போதும். மற்றதெல்லாம் அடிப்பக்கம், மூன்றாவது பதிலில் சொன்ன துரு இடங்கள், எண்கள், பரப்பி வைத்த சாமான்கள். பிரிப்பதற்கு முன் எடுத்த பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் போடுங்கள். "90 சதவீதம் முடிந்தது", "எளிதாக மாட்டிவிடலாம்" போன்ற வாக்கியங்கள் வேண்டாம். எளிதென்றால் நீங்களே மாட்டியிருப்பீர்களே.

எங்க போடறது? க்ரெய்க்ஸ்லிஸ்ட் போதுமா?

சாதா வி8 காருக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸும் க்ரெய்க்ஸ்லிஸ்ட்டும் போதும், ஏனென்றால் வாங்குபவர் டிரெய்லர் இழுத்து வரும் தூரத்தில்தான் இருப்பார். ஆவணத்தோடு உயர்ந்த மாடலென்றால் ஹெம்மிங்ஸ், ஈபே மோட்டார்ஸ் என்று நாடு முழுக்கத் தெரியும் இடத்தில் போடுங்கள். பென்சில்வேனியாவின் கார்லைல் மாதிரி ஸ்வாப் மீட்டுகளுக்கு (பழைய கார், உதிரிபாகச் சந்தை) டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு, அங்கே வருகிறவர்கள் எல்லாம் தாங்களே கார் வேலை செய்து கையில் கிரீஸ் பூசியவர்கள், வீண்பேச்சு குறைவு. தொலைக்காட்சியில் வரும் பெரிய ஏலங்கள் இதற்கான இடம் இல்லை.

ஒருத்தர் பாக்காமலே முழு விலைக்கு வாங்கறேங்கறார், ஒரு வெப்சைட்ல வின் ரிப்போர்ட் மட்டும் எடுத்து அனுப்பச் சொல்றார். அனுப்பட்டுமா?

மோசடி. 17 இலக்க வின் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. 13 இலக்கக் கமாரோவுக்கு வழக்கமான ஹிஸ்டரி ரிப்போர்ட் கிடையாது என்பது பழைய கார் வாங்குகிற எவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் கிரெடிட் கார்டு எண். இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: விலையைவிட அதிகத் தொகைக்கு கேஷியர் செக் அனுப்பி, "மிச்சத்தை டிரக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பவன். வங்கி அந்தப் பணத்தை அடுத்த நாளே உங்கள் கணக்கில் காட்டும், செக் போலி என்று வாரங்கள் கழித்துத் தெரிந்ததும் முழுத் தொகையையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஒழுங்கான வழி, வாங்குபவருடைய வங்கிக் கிளைக்கு அவரோடு போய், செக் உங்கள் கண்முன் அச்சாவதைப் பார்ப்பது. தூரத்து ஆளென்றால் வயர் டிரான்ஸ்ஃபர், பணம் வந்துவிட்டதை உங்கள் வங்கிக்கே ஃபோன் செய்து உறுதி செய்த பின் டைட்டில்.

அவர் 12,000 டாலரையும் ரொக்கமா குடுத்தா? பேங்க்ல கேள்வி வரும்னு ரெண்டா பிரிச்சுப் போடச் சொல்றாங்க.

பிரிக்கவே பிரிக்காதீர்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் வங்கி ஒரு அறிக்கை அனுப்பும், அது வழக்கமான வேலை, உங்களுக்குத் தொல்லை இல்லை. அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பிரித்துப் போடுவதுதான் குற்றம், பணம் முழுக்க நேர்மையானதாக இருந்தாலும். பில் ஆஃப் சேல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகப் போடுங்கள்.

சக்கரமே இல்லையே, எப்படி ஏத்திக்கிட்டுப் போவாங்க?

நான்கு பழைய சக்கரங்களை மாட்டி, உருளும்படியும் ஸ்டீயரிங் திரும்பும்படியும் செய்துவிட்டால் வாங்கும் ஆட்களின் எண்ணிக்கையே கூடும். அளவு பொருந்தினால் போதும், அழகு தேவையில்லை. உருளாத காரை ஏற்ற டிரக்காரர்கள் கூடுதல் பணம் கேட்பார்கள், காருக்குள் சாமான் அடைத்தால் பலர் ஏற்றவே மாட்டார்கள், அதனால் பெட்டிகளைத் தனியாக அனுப்புவது யார் செலவு என்று முன்பே பேசிவிடுங்கள். பிரேக் கிடையாது என்பதை ஏற்றுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஸ்வீடன்ல இருந்து, ஆஸ்திரேலியால இருந்தெல்லாம் கேக்கறாங்க. நம்பலாமா?

நம்பலாம், இரண்டு நாட்டிலும் அமெரிக்கக் கார் பைத்தியம் உண்மையாகவே அதிகம். பணம் முழுசாக வந்த பின் கொடுங்கள், ஏற்றுமதி வேலையை அவர்களுடைய ஏஜென்ட் பார்த்துக்கொள்ளட்டும். கப்பலேறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு அமெரிக்கச் சுங்கத்துறையிடம் காரையும் டைட்டிலையும் காட்ட வேண்டும், ஆகவே டைட்டில் குளறுபடி இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை, பழைய பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் எல்லாவற்றிலும் அது இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொன்னால் அதற்கான கூலி அவர்களுடையது.

வித்த பிறகு அவர் வந்து சண்டை போட்டா?

பில் ஆஃப் சேலில் "இருக்கும் நிலையில், உத்தரவாதம் இல்லாமல், பிரிக்கப்பட்ட நிலையில்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், சாமான் பட்டியலையும் பின்னால் இணையுங்கள். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் உங்களைக் காப்பாற்றாது, இசட்/28 பதிலை மறுபடி ஒரு தடவை படியுங்கள். ஓடிய மைல் கணக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஓடோமீட்டர் விதி பற்றிக் கவலை வேண்டாம், 1969 காருக்கு அந்த மத்திய விதி பொருந்தாது.

அன்றே மாநிலத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 5 நாளுக்குள், டெக்ஸஸில் 30 நாளுக்குள் விற்ற தகவல் கொடுக்க வேண்டும். மிச்சிகனில் இருவரும் சேர்ந்தே அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிடுவது நல்லது, பழைய நம்பர் பிளேட்டை நீங்கள் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

வரி கட்டணுமா?

நஷ்டத்தில் விற்றால் வரி இல்லை, அந்த நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. லாபமென்றால் உண்டு. வாங்கிய விலையோடு உதிரிபாகம், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்துத்தான் லாபக் கணக்கு, அந்த ரசீதுகளுக்கு இங்கே ஒரு வேலை கிடைக்கிறது. வாரிசாக வந்த காரென்றால் அவர் இறந்த நாளின் சந்தை மதிப்புதான் உங்களுக்கு அடிப்படை விலை.

விளம்பரம் போட்டு ஆறு மாசம் ஆச்சு, ஒருத்தரும் வரலை. என்ன பண்ணட்டும்?

ஃபோனே வரவில்லையென்றால் விலை தப்பு. ஃபோன் வந்து ஆள் வரவில்லையென்றால் படங்கள் போதாது. ஆள் வந்து வாங்கவில்லையென்றால் விளம்பரத்தில் சொன்னதற்கும் நேரில் இருப்பதற்கும் இடைவெளி இருக்கிறது. இதை வரிசையாகச் சரிசெய்யுங்கள், விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மிச்சிகன் மாதிரி இடத்தில் ஜனவரியில் போட்டிருந்தால் மார்ச் வரை பொறுங்கள்.

அதற்குப் பிறகும் போகவில்லையென்றால் உதிரிபாகக் கார் விலைக்கு இறங்கிவிடலாம். தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து வரி விலக்கு வாங்கலாமே என்றால், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால் பொதுவாக அவர்கள் அதை விற்ற தொகையைத்தான் கழிக்க முடியும், நீங்கள் நினைக்கும் மதிப்பை அல்ல. எடைக்குப் போடுவது கடைசி வழி. அப்படிப் போட்டாலும் ஆக்ஸில், கியர்பாக்ஸ், கண்ணாடிகள், பெஞ்ச் சீட் சட்டம் எல்லாவற்றையும் முதலில் இறக்கி வைத்துவிடுங்கள், இரும்புக்கடைக்காரர் அதற்கெல்லாம் தனியாக எதுவும் தரமாட்டார்.